புலியை எண்ணுவது எப்படி? பச்சையை அளப்பது எப்படி?



வீட்டில் புளி உடைத்த கொட்டை இருந்தால் மூன்று நான்கு கை அள்ளி ஒரு பானையில் போடுங்கள். எண்ண வேண்டாம். பானையில் எத்தனை கொட்டை இருக்கிறது என்பதை, முழுவதையும் எண்ணாமலே நாம் கண்டுபிடிக்கப் போகிறோம்.

முதலில் பானைக்குள் கைவிட்டு 40 கொட்டைகளை எடுங்கள். ஒவ்வொன்றிலும் வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு புள்ளி வையுங்கள். காய்ந்ததும் மறுபடி பானைக்குள் போட்டு நன்றாகக் குலுக்குங்கள். இப்போது கண்ணை மூடிக்கொண்டு 50 கொட்டைகளை எடுங்கள். அவற்றில் புள்ளி வைத்தவை எத்தனை? பத்து வந்தது என்று வைத்துக்கொள்வோம்.

ஐம்பதில் பத்து என்றால் ஐந்தில் ஒரு பங்கு. நன்றாகக் கலந்திருந்தால் பானை முழுவதிலும் இதே விகிதம்தான் இருக்க வேண்டும். அப்படியானால் நாம் புள்ளி வைத்த 40 கொட்டைகள் மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு. மொத்தம் 200. கணக்காக எழுதினால், 40 × 50 ÷ 10 = 200. இனி பானையைக் கவிழ்த்து எண்ணிப் பாருங்கள். விடை அச்சாக ஒத்துப்போகாது. ஆனால் பக்கத்தில் வந்து நிற்கும். இரண்டாம் முறை அதிகக் கொட்டைகளை எடுத்துப் பார்த்தால் இன்னும் நெருங்கும்.

டென்மார்க்கில் பீட்டர்சன் என்ற அறிவியலாளர் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மீன்களுக்கு அடையாளமிட்டுக் கடலில் விட்டு ஆராய்ந்தார். அமெரிக்காவில் லிங்கன் என்பவர் 1930-இல், காலில் வளையம் மாட்டிய காட்டு வாத்துகளை வைத்து இதே கணக்கைப் போட்டார். இருவர் பெயரையும் சேர்த்து இதை லிங்கன்-பீட்டர்சன் முறை என்கிறார்கள்.

இந்தக் கணக்கு சரியாக வர மூன்று விஷயம் வேண்டும். புள்ளி அழியக் கூடாது. கொட்டைகள் நன்றாகக் கலந்திருக்க வேண்டும். நடுவில் யாரும் புதிதாகப் போடவோ எடுக்கவோ கூடாது. காட்டிலும் இதே மூன்றைத்தான் அறிவியலாளர்கள் திரும்பத் திரும்பச் சோதிக்கிறார்கள்.

வரிகளே அடையாளம்

புலியைப் பிடித்துப் பெயின்ட் அடிக்க முடியாது. அதற்குத் தேவையும் இல்லை. நம் கைரேகையைப் போல, ஒரு புலியின் வரிகள் இன்னொரு புலிக்கு இருக்காது. பிறக்கும்போதே அதன் உடம்பில் அடையாளம் இருக்கிறது.

இந்த அடையாளத்தைப் பயன்படுத்தும் முறை பரவுவதற்கு முன், இந்தியாவில் புலிகளைக் கால்தடம் பார்த்து எண்ணினார்கள். ஒடிசாவைச் சேர்ந்த வன அதிகாரி சரோஜ் ராஜ் சௌத்ரி 1966-இல் இதைத் தொடங்கினார். தடத்தின் மேல் கண்ணாடித் தகட்டை வைத்துக் கோட்டை வரைந்துகொள்வார்கள். அனுபவம் உள்ளவர் ஒவ்வொரு தடமும் எந்தப் புலியுடையது என்று பிரித்துச் சொல்வார். ஆனால் ஒரே புலியின் பாதம் சேற்றில் ஒரு மாதிரியும் மணலில் ஒரு மாதிரியும் பதியும். நடந்தால் ஒரு தடம், ஓடினால் வேறு தடம். தடம் பதியாத பாறையில் நடந்து போன புலியை யார் கணக்கில் சேர்ப்பது?

2005-இல் அதன் விளைவு தெரிந்தது. ராஜஸ்தானில் உள்ள சரிஸ்கா புலிகள் காப்பகத்தின் கணக்கில் புலிகள் இருந்தன. காட்டில் தேடிப் பார்த்தபோது ஒன்றுகூட இல்லை. எல்லாம் வேட்டையாடப்பட்டுவிட்டன. எண்ணும் முறை தவறினால் காப்பாற்றும் நேரமும் தவறிப் போகும் என்பதை நாடு அப்போது உணர்ந்தது.

கர்நாடகத்தில் நாகரஹொளே காட்டில் உல்லாஸ் கரந்த் என்ற உயிரியலாளர் 1990-களின் தொடக்கத்திலேயே வேறு வழியில் போய்க்கொண்டிருந்தார். புலி நடக்கும் பாதையில் இரண்டு பக்கமும் மரத்தில் முழங்கால் உயரத்தில் கேமராக்களைக் கட்டி வைத்தார். ஏன் இரண்டு? புலியின் இடப்பக்க வரியும் வலப்பக்க வரியும் ஒன்றாக இருக்காது. ஒரு பக்கம் மட்டும் படம் எடுத்தால் ஒரே புலியை இரண்டு புலியாக எண்ணிவிடக்கூடும்.

இன்றைய தானியங்கிக் கேமராவில் ஒரு வெப்ப உணரி இருக்கிறது. உயிருள்ள உடம்பு, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களை வெளியிட்டுக்கொண்டே இருக்கும். சுற்றியுள்ள காட்டைவிடச் சூடான ஒன்று குறுக்கே போனால் உணரி கேமராவை எழுப்பிவிடும், படம் பதிவாகும். ஆள் அங்கே நிற்க வேண்டியதில்லை.

முதல் முறை படத்தில் விழுந்த புலிகள் புள்ளி வைத்த கொட்டைகள். அடுத்தடுத்த நாட்களில் படத்தில் விழும் புலிகள் இரண்டாவது கைப்பிடி; அவற்றில் முன்பே விழுந்தவை திரும்பக் கிடைத்த புள்ளிகள். மீதிக் கணக்கு உங்களுக்கே தெரியும்.

2018-இல் நடந்த அகில இந்தியக் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் கேமரா வைத்தார்கள். கிடைத்த படங்கள் ஏறத்தாழ 3 கோடியே 48 லட்சம். அவற்றில் புலி இருந்தவை 76,651 மட்டுமே. மற்றவற்றில் மான், காட்டெருது, யானை, காற்றில் ஆடும் புல், விறகு பொறுக்கப் போனவர்கள் எல்லாம் இருந்தார்கள். கணினி வரிகளை ஒப்பிட்டுப் பார்த்து 2,461 தனித்தனிப் புலிகளை அடையாளம் கண்டது. ஆனால் அறிவிக்கப்பட்ட மொத்தம் 2,967. மீதி எங்கிருந்து வந்தது? படத்தில் விழாமல் போனவை எத்தனை இருக்கும் என்று அடையாளக் கணக்கு சொல்லியது. கேமரா வைக்க முடியாத காடுகளில் புலியின் தடம், எச்சம், அங்கே உள்ள மான்களின் அளவு, செயற்கைக்கோள் காட்டும் காட்டின் தன்மை ஆகியவற்றைக் கேமரா வைத்த காடுகளோடு ஒப்பிட்டுக் கணித்தார்கள்.

வரி இல்லாத வரையாடு

நம் மாநில விலங்கான நீலகிரி வரையாட்டின் உடம்பில் தனித்தனியாக அடையாளம் காணும் வரி எதுவும் இல்லை. செங்குத்தான பாறைகளிலும் உச்சிப் புல்வெளியிலும் கூட்டமாகத் திரியும். ஒரு மேகம் இறங்கினால் முழுக் கூட்டமும் மறைந்துவிடும். இதை எப்படி எண்ணுவது?

ஒரே பாதையில் இரண்டு குழுக்களை அனுப்புகிறார்கள். இரண்டாவது குழு சிறிது நேரம் கழித்துக் கிளம்பும். ஒரு குழு பார்த்ததை மற்றொரு குழுவிடம் சொல்லக் கூடாது. எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, கிடா எத்தனை, பெட்டை எத்தனை, குட்டி எத்தனை என்று ஒவ்வொரு கூட்டத்தையும் தனித்தனியே எழுதிக்கொள்வார்கள். மாலையில் இரண்டு நோட்டையும் வைத்து ஒப்பிடுவார்கள். இருவரும் பார்த்த கூட்டம் எது, ஒருவர் மட்டும் பார்த்தது எது என்று பிரிப்பார்கள்.

கணக்கு இதுவரை வந்ததேதான். முதல் குழு பார்த்தவை புள்ளி வைத்த கொட்டைகள். இரண்டாவது குழு பார்த்தது இரண்டாவது கைப்பிடி. இருவரும் பார்த்தவை திரும்பக் கிடைத்த புள்ளிகள். இதை வைத்து இருவருமே பார்க்காமல் விட்டது எவ்வளவு என்று கணக்கிட முடியும். இதற்கு இரட்டைப் பார்வையாளர் முறை என்று பெயர்.

2024-இல் தமிழ்நாட்டில் ஒரே நேரத்தில் நடந்த கணக்கெடுப்பில் 1,031 வரையாடுகள் இருப்பதாக மதிப்பிட்டார்கள். 2025-இல் அது 1,303 ஆனது. 272 குட்டிகள் பிறந்துவிட்டன என்று உடனே சொல்லிவிடலாமா? அவசரப்படக் கூடாது. இரண்டாம் ஆண்டில் கூடுதலான இடங்களில் தேடினார்கள். எண்ணிக்கையைக் கேட்டவுடன், "எங்கே தேடினீர்கள், எப்படித் தேடினீர்கள்?" என்று கேட்கப் பழகுங்கள்.

விட்டுச் சென்றதைப் பார்ப்பது

யானையைக்கூட அடர்ந்த காட்டில் பார்ப்பது எளிதல்ல. புதருக்குள் அசையாமல் நின்றால் பத்தடி தூரத்திலும் தெரியாது. அதனால் நம் வனத்துறையினர் யானைக் கணக்கெடுப்பை மூன்று விதமாகச் செய்கிறார்கள். ஒரு நாள் காட்டைச் சிறு பகுதிகளாகப் பிரித்துக்கொண்டு நேரில் தேடுவார்கள். ஒரு நாள் நேர்கோட்டில் நடந்து லத்தியை எண்ணுவார்கள். ஒரு நாள் நீர்நிலை அருகே காத்திருப்பார்கள்.

லத்தியை எண்ணி யானையை எண்ண முடியுமா? முடியும். ஒரு யானை ஒரு நாளில் சுமார் 16 முறை சாணமிடும். ஒரு லத்திக் குவியல் மட்கி மறைய எத்தனை நாள் ஆகும் என்பதையும் அந்தக் காட்டிலேயே பார்த்து வைத்திருக்க வேண்டும். 100 நாள் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒரு யானை தங்கும் காட்டில் எப்போதும் 16 × 100 = 1,600 குவியல்கள் கிடக்கும். நடந்த பாதையின் இருபுறமும் பார்த்த குவியல்களை வைத்து, ஒரு சதுர கிலோமீட்டரில் 1,600 இருக்கும் என்று தெரிந்தால் அங்கே ஒரு யானை. மழை பெய்தால் சாணம் சீக்கிரம் கரையும். சாணவண்டுகள் அதிகம் இருந்தால் இன்னும் சீக்கிரம் மறையும். அதனால் இந்த 100 என்ற எண்ணை ஒவ்வொரு காட்டிலும் ஒவ்வொரு பருவத்திலும் புதிதாகக் கண்டறிய வேண்டும்.

எச்சத்தை விண்வெளியிலிருந்தே பார்த்த கதை ஒன்று இருக்கிறது. பூமியின் தென்கோடியில் உள்ள அண்டார்க்டிகாவில் எம்பெரர் பெங்குவின்கள் கடல்மேல் உறைந்த பனியில் கூடிக் குஞ்சு பொரிக்கின்றன. இருண்ட குளிர்காலத்தில், மனிதர்கள் போக முடியாத இடங்களில் அவை கூடும். ஏறத்தாழ நான்கடி உயரமுள்ள பறவையை அன்று கிடைத்த லேண்ட்சாட் செயற்கைக்கோள் படத்தில் பார்க்க முடியாது. ஆனால் ஆயிரக்கணக்கான பறவைகள் மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றால் வெள்ளைப் பனி எச்சத்தால் பழுப்பாகிவிடும். பிரிட்டனைச் சேர்ந்த அண்டார்க்டிக் ஆய்வாளர்கள் அந்தப் பழுப்புக் கறையைப் படங்களில் தேடினார்கள். 2009-இல் வெளியிட்ட ஆய்வில், அதுவரை யாருக்கும் தெரியாத 10 பெங்குவின் குடியிருப்புகளைக் கண்டுபிடித்ததாக அறிவித்தார்கள்.

பிறகு இன்னும் துல்லியமான படங்களை வாங்கி, 46 குடியிருப்புகளில் ஏறத்தாழ 5,95,000 பெங்குவின்கள் இருப்பதாக 2012-இல் கணக்கிட்டார்கள். அதுவரை நினைத்திருந்ததைவிட இது ஏறத்தாழ இரண்டு மடங்கு. இங்கே ஒன்றைக் கவனியுங்கள். படத்தில் தெரியும் கருமையான திட்டில் எத்தனை பறவைகள் நிற்கும் என்பதைப் படம் சொல்லாது. சில இடங்களில் நேரில் எண்ணியவர்களின் கணக்கும், விமானத்திலிருந்து எடுத்த படங்களும் துணைக்கு வந்த பிறகுதான் செயற்கைக்கோள் படம் எண்ணிக்கையாக மாறியது.

ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு எண்

விலங்கு ஓடிவிடும். மரம் நின்ற இடத்திலேயே நிற்கும். அப்படியானால் மரத்தை ஆராய்வது எளிதா? மரத்தின் வாழ்க்கை மிக மெதுவாக நகர்கிறது. அதைப் பார்க்க நிறையப் பொறுமை வேண்டும்.

முதுமலைக் காட்டில் 1988-இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்வாளர்கள் பேராசிரியர் ராமன் சுகுமார் தலைமையில் ஒரு பெரிய வேலையைத் தொடங்கினார்கள். ஒரு கிலோமீட்டர் நீளம், அரைக் கிலோமீட்டர் அகலம் கொண்ட ஒரு நிலத்துண்டு. பரப்பு 50 ஹெக்டேர். அதற்குள் ஒரு சென்டிமீட்டர் தடிமனுக்கு மேல் இருக்கும் ஒவ்வொரு மரத்தையும் கன்றையும் அளந்து, எண் பொறித்த சின்னத் தகட்டைக் கட்டினார்கள். எல்லா மரத்தையும் ஒரே உயரத்தில், தரையிலிருந்து 1.3 மீட்டரில், நெஞ்சளவில் அளக்க வேண்டும். ஒருவர் அடியிலும் இன்னொருவர் தலைக்கு மேலும் அளந்தால் மரம் இளைத்ததா பருத்ததா என்று சொல்லவே முடியாது. 25,000-க்கும் மேற்பட்ட தண்டுகளுக்கு இப்படி எண் கிடைத்தது.

ஆண்டுதோறும் போய், செத்த மரம் எது, புதிதாக முளைத்து வளர்ந்தது எது என்று பார்க்கிறார்கள். எதனால் செத்தது? காட்டுத்தீயா, வறட்சியா, யானையா? யானைகள் விரும்பித் தின்னும் ஒரு வகை மரம் அங்கே சில ஆண்டுகளிலேயே வெகுவாகக் குறைந்ததை இப்படித்தான் கண்டார்கள். நடந்து போகும்போது பார்த்தால் காடு அப்படியே இருப்பதாகத்தான் தோன்றும். எண் எழுதிய தகடு இருந்ததால் மாற்றம் தெரிந்தது.

உங்கள் பள்ளி மைதானத்திலும் இதைச் செய்யலாம். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் கயிற்றால் சதுரம் கட்டுங்கள். உள்ளே எத்தனை வகைப் புல், எத்தனை வகைச் செடி என்று எண்ணி எழுதுங்கள். மழைக்கு முன் ஒரு தடவை, மழைக்குப் பின் அதே இடத்தில் ஒரு தடவை பாருங்கள்.

இலை விடும் வெளிச்சம்

50 ஹெக்டேரை நடந்து அளக்கலாம். மேற்குத் தொடர்ச்சி மலை முழுவதையும் எப்படி அளப்பது? அதற்குத்தான் வானத்தில் ஒரு கண் தேவைப்படுகிறது.

இலை ஏன் பச்சையாக இருக்கிறது? இலையில் உள்ள பச்சையம் உணவு தயாரிக்கச் சிவப்பு வெளிச்சத்தையும் நீல வெளிச்சத்தையும் உறிஞ்சிக்கொள்கிறது. பச்சையில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்புகிறது. அது நம் கண்ணுக்கு வருகிறது. சிவப்புக்கு அடுத்தாற்போல் நம் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் ஒன்று சூரியனிலிருந்து வருகிறது. அதற்கு அண்மை அகச்சிவப்பு என்று பெயர். கேமராவை எழுப்பிய வெப்பக் கதிர் வேறு, இது வேறு. இந்த வெளிச்சத்தை வைத்து இலையால் உணவு தயாரிக்க முடியாது. அதனால் இலைக்குள் இருக்கும் செல்களும் காற்றிடைவெளிகளும் அதைச் சிதறடித்து, ஏறத்தாழ பாதியை வெளியே அனுப்பிவிடுகின்றன. அந்த வெளிச்சத்தைப் பார்க்கும் கண் நமக்கு இருந்தால், தழைத்த வேப்பமரம் பளீரென்று ஒளிரும்.

கண்ணுக்குத் தெரியாததை எப்படி நம்புவது? டிவி ரிமோட்டின் முனையில் உள்ள சிறு பல்பைப் பார்த்தபடி பொத்தானை அழுத்துங்கள், ஒன்றும் தெரியாது. பெரும்பாலும் செல்போனின் முன்பக்கக் கேமரா வழியாகப் பார்த்தால் அது மினுக்கும். அந்த மினுக்கல் அண்மை அகச்சிவப்பு.

இந்தியாவில் இந்த வெளிச்சத்தை முதலில் பயன்படுத்தியது தென்னையைப் பார்க்கத்தான். கேரளத்தில் தென்னை வேர்வாடல் நோய் பரவிக்கொண்டிருந்தது. 1970-இல் விஞ்ஞானி பிஷாரடியும் அவருடைய குழுவினரும் ஹெலிகாப்டரில் பறந்து, அகச்சிவப்பைப் பதியும் படச்சுருளில் தோப்புகளைப் படமெடுத்தார்கள். நோயுற்ற மரத்தின் இலை அகச்சிவப்பைத் திருப்பி அனுப்புவது குறைந்துவிடும். நல்ல மரமும் நோயுள்ள மரமும் படத்தில் வேறு வேறு நிறத்தில் தெரிந்தன. இந்தியத் தொலையுணர்வு அறிவியலின் தந்தை என்று பிஷாரடியை இன்று போற்றுகிறார்கள்.

1972 ஜூலையில் அமெரிக்கா லேண்ட்சாட் வரிசையின் முதல் செயற்கைக்கோளை அனுப்பியது. சுமார் 900 கிலோமீட்டர் உயரத்திலிருந்து அது பூமியைப் பச்சை, சிவப்பு, அண்மை அகச்சிவப்பு என்று தனித்தனியாகப் பதிவு செய்தது. 1988 மார்ச்சில் இந்தியாவின் ஐஆர்எஸ்-1ஏ செயற்கைக்கோள் விண்ணுக்குப் போனது. முதுமலையில் மரங்களுக்குத் தகடு கட்டத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான்.

செயற்கைக்கோள் சொல்லும் எண்களை வைத்து ஒரு சின்னக் கணக்குப் போடலாம். அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழிக்க வேண்டும். வந்ததை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். நல்ல காட்டில் நூற்றுக்கு 50 பங்கு அகச்சிவப்பும் 5 பங்கு சிவப்பும் திரும்பி வந்தால், 45 ÷ 55 = 0.82. வெறும் மண்ணில் அகச்சிவப்பு 30, சிவப்பு 25 வந்தால், 5 ÷ 55 = 0.09. தண்ணீரில் அகச்சிவப்பு 1, சிவப்பு 3 வந்தால், விடை கழித்தல் 0.5. இதற்குத் தாவரக் குறியீட்டெண் என்று பெயர். ஒன்றை நெருங்க நெருங்க இலை அடர்த்தி அதிகம் என்று பொருள்.

செயற்கைக்கோள் படம் சின்னச் சின்னக் கட்டங்களால் ஆனது. லேண்ட்சாட்டின் இன்றைய கட்டம் 30 மீட்டருக்கு 30 மீட்டர். தென்னையை 25 அடி இடைவெளியில் நட்டால் ஒரு கட்டத்துக்குள் 16 மரங்கள் வரை அடங்கும். அந்தப் 16 மரமும் நடுவில் உள்ள மண்ணும் வாய்க்காலும் சேர்ந்து ஒரே ஓர் எண்ணாகிவிடும். ஐரோப்பாவின் சென்டினல்-2 இதே வேலையை 10 மீட்டர் கட்டத்தில் செய்கிறது. இலையை மட்டுமல்ல, உயரத்தையும் வானிலிருந்து அளக்கலாம். சர்வதேச விண்வெளி நிலையத்தில் பொருத்திய ஒரு கருவி கீழே லேசர் ஒளியை அனுப்பும். மரத்தின் உச்சியில் பட்டுத் திரும்பும் ஒளி முன்னாலும், தரையில் பட்டுத் திரும்பும் ஒளி கொஞ்சம் பின்னாலும் வரும். அந்த நேர வித்தியாசம் மரத்தின் உயரத்தைச் சொல்லிவிடும்.

எல்லாப் பச்சையும் ஒன்றல்ல

இவ்வளவு கூர்மையான கண் வானத்தில் இருக்கும்போது காட்டுக்குள் ஏன் நடக்க வேண்டும்? இந்தக் கேள்விக்குப் பழனி மலை பதில் சொல்கிறது.

கொடைக்கானலைச் சுற்றியுள்ள உயரமான மலைகளில் ஒரு காலத்தில் பரந்த புல்வெளிகள் இருந்தன. பள்ளத்தாக்குகளில் சோலைக்காடு, மேடுகளில் புல். மழைநீரைப் பிடித்து ஓடைகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவது அந்தப் புல்வெளி. வரையாடு மேய்வது அங்கே. நீலகிரி நெட்டைக்காலி என்ற சிறு பறவை கூடு கட்டுவதும் அந்தப் புல்லுக்கிடையில்தான். வெறும் நிலமாகக் கிடக்கிறதே என்று நினைத்து, மரத்துக்காகவும் பட்டைக்காகவும் அங்கே சீகையும் தைலமரமும் பைனும் நட்டார்கள். சீகை நட்ட இடத்தோடு நிற்காமல் தானாகவே பரவியது.

1973-இல் லேண்ட்சாட் எடுத்த படத்தையும் 2014 வரையிலான படங்களையும் ஆய்வாளர்கள் ஒப்பிட்டு 2018-இல் முடிவை வெளியிட்டார்கள். சுமார் 374 சதுர கிலோமீட்டராக இருந்த புல்வெளி சுமார் 124 ஆகிவிட்டது. நாற்பது ஆண்டில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது.

"பச்சை கூடியதா குறைந்ததா?" என்று மட்டும் கேட்டிருந்தால் என்ன பதில் கிடைத்திருக்கும்? கூடியது என்றுதான். சீகையும் பச்சை, புல்லும் பச்சை; சீகையின் இலை இன்னும் அடர்த்தி. எது எந்தப் பச்சை என்று பிரிக்கத் தெரிந்தவர்கள் கேட்டதால்தான் இழப்பு வெளியே வந்தது. ஜிபிஎஸ் கருவியோடு போய், இந்த இடத்தில் நிற்பது சீகை, இங்கே நிற்பது சோலை, இது புல் என்று குறித்துக்கொண்டு வருவார்கள். அந்தப் புள்ளிகள் செயற்கைக்கோள் படத்தில் எந்த எண்ணைக் காட்டுகின்றன என்று பார்த்து மற்ற கட்டங்களைக் கணினி பிரிக்கும். இதைக் களச் சரிபார்ப்பு என்கிறோம். பருவமும் உதவும். பனி விழும் மாதங்களில் புல் காய்ந்து பழுப்பாகும். சீகை அப்போதும் பச்சையாகவே நிற்கும். ஒரே இடத்தின் படங்களைப் பல மாதங்களில் எடுத்தால் இரண்டையும் பிரிக்கலாம்.

சில பச்சைகள் வானத்துக்குத் தெரியவே தெரியாது. முதுமலையில் மரங்களுக்கு அடியில் உண்ணிச்செடி அடர்ந்து கிடக்கிறது. வெளிநாட்டிலிருந்து அழகுக்காகக் கொண்டுவந்த செடி அது. மான்கள் மேய வேண்டிய புல்லை நெருக்கி அழித்துவிடும். அதன் இலை ஆடுமாடுகளுக்கு நஞ்சு. மேலே மரக்கிளைகள் மூடியிருப்பதால் செயற்கைக்கோள் பார்ப்பது நல்ல காட்டை. கீழே நடப்பவர் பார்ப்பது மானுக்கு வாய்க்கு எதுவுமில்லாத புதர்.

நம் நாட்டின் காட்டளவைச் சொல்லும் இந்திய வன அளவை நிறுவனத்தின் அறிக்கையையும் இதே விழிப்போடு படிக்க வேண்டும். அதில், ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் பத்தில் ஒரு பங்கு மரநிழல் இருந்தால் அது காட்டுப்பரப்பு. யாருடைய நிலம், என்ன மரம் என்ற வேறுபாடு அதில் இல்லை. தென்னந்தோப்பும் பழத்தோட்டமும் அந்தக் கணக்குக்குள் வரும். அறிக்கை தன் அளவுகோலை மறைக்கவில்லை, வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறது. படிக்கும் நாம்தான், எந்தப் பச்சை என்று கேட்க மறக்கக் கூடாது. வானத்துக் கண் எவ்வளவு என்று சொல்லும்; தரையில் நிற்பவர் எது என்று சொல்வார். ஒன்று இல்லாமல் மற்றொன்று பாதி உண்மைதான்.

உங்கள் நோட்டும் ஒரு கருவி

தரையில் நிற்கும் கண்ணுக்குப் பட்டம் வேண்டியதில்லை. ஆண்டுதோறும் பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுவதும் ஆர்வலர்களும் மாணவர்களும் ஊர்ப் பறவைகளை எண்ணிப் பதிவு செய்கிறார்கள். சீசன்வாட்ச் என்ற திட்டத்தில் பள்ளிப் பிள்ளைகள் ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்து, தளிர் விட்டதா, பூத்ததா, காய்த்ததா என்று வாரந்தோறும் எழுதுகிறார்கள். மாமரம் நிறம் மாறியதைச் செயற்கைக்கோள் பார்க்கலாம். அது இளந்தளிரா, பூங்கொத்தா என்பதைக் கிளைக்குக் கீழே நிற்கும் நீங்கள்தான் சொல்ல முடியும்.

எழுதும்போது தேதி, நேரம், இடம், யார் பார்த்தது என்ற நான்கையும் விடாதீர்கள். தேடியும் கிடைக்காததையும் எழுதுங்கள். "அரை மணி நேரம் பார்த்தோம், சிட்டுக்குருவி இல்லை" என்பது மிக முக்கியமான தகவல். ஊகத்தை ஊகம் என்றே குறியுங்கள். கூட்டுக்கு மிக அருகில் போகாதீர்கள். குஞ்சு வைத்திருக்கும் பறவையைத் தொந்தரவு செய்து பெறும் எந்தத் தகவலும் நமக்கு வேண்டாம்.

1973-இல் பழனி மலையைப் படமெடுத்தவர்களுக்கு அந்தப் புல்வெளி குறையப் போகிறது என்று தெரியாது. எடுத்ததைப் பத்திரமாக வைத்திருந்தார்கள். 2008 முதல் அந்தப் படங்களை உலகில் யார் வேண்டுமானாலும் கட்டணமின்றி எடுத்துக்கொள்ளலாம். அதனால்தான் நாற்பது ஆண்டு கழித்து வந்தவர்களால் ஒப்பிட முடிந்தது. பள்ளிச் சுவரோரம் நிற்கும் வேம்பு எந்தத் தேதியில் பூத்தது என்று இந்த ஆண்டு எழுதுங்கள். அடுத்த ஆண்டும் எழுதுங்கள். பள்ளியை விட்டுப் போகும்போது அந்த நோட்டை வீட்டுக்கு எடுத்துச் செல்லாமல், அடுத்த வகுப்புத் தம்பி தங்கைகளிடம் கொடுத்து, தொடர்ந்து எழுதச் சொல்லுங்கள்.